மோதிரக் கவுண்டரும் நெட்டி முறித்த பாவமும்

நகைக் கடையில நிக்கிறவளுக்குக் கஸ்டமரோட முகம் ஞாபகம் இருக்காது, விரல்தான் ஞாபகம் இருக்கும். கஹவத்தை டவுன்ல, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு கடையில மோதிரக் கவுண்டர் என்னோடது. காலையில எஸ்டேட் பஸ்ல தொங்கிக்கிட்டு வந்து இறங்கினா, பொழுது சாயிற வரைக்கும் அடுத்தவங்க விரல்ல மோதிரத்தப் போட்டுக் கழட்டுறதுதான் பொழப்பு. எங்க இலங்கை சப்ரகமுவ மாகாணத்துல இருக்கிற விரல் முட்டியெல்லாம் என் கைவழியா போயிருக்குன்னு சொன்னா, அது கொஞ்சம்தான் பொய்.

நாள் பூரா அடுத்தவங்க விரலையே பார்த்துக்கிட்டு இருந்தா நம்ம விரலுக்கும் ஒரு ஆசை வராதா? எனக்கு வந்த ஆசை நெட்டி முறிக்கிறது. ஒரு கஸ்டமர் போனதும் பத்து விரலையும் வரிசையா மடக்கி டக், டக், டக்குன்னு எடுத்தாத்தான் அடுத்த ஆளப் பார்த்துச் சிரிக்க முடியும். இத வாசிக்கிற உங்கள்ல யாராவது நம்ம கூட்டமா இருந்தா நான் படுற பாடு விளங்கும். சிகரெட் குடிக்கிறவனக்கூட இந்த ஊரு சும்மா விட்டுரும், நம்மள விடாது. "முறிக்காத, வாதம் வரும்"னு சொல்லாத வாய் ஒன்னு இருந்தா, அது இன்னும் பேசப் பழகாத பிள்ளையோட வாயாத்தான் இருக்கும்.

எனக்கு அடுத்த கவுண்டர்ல, தோடும் காப்பும் காட்டுறவங்க தனம் அக்கா. என்ன விட வயசுல மூத்தவங்க, எனக்கு வேலை பழக்கினவங்க. இந்தக் கதையில நெட்டி முறிச்ச பாவம் பெரும்பாலும் என்னோடது. ஆனா அனுபவிச்சது அவங்க.

சேரோட எலும்பு சாஸ்திரம்

நிவித்திகல பக்கம் இருந்து பென்சன் எடுத்த ஸ்கூல் மாஸ்டர் ஒருத்தர் வருவாரு, எங்களுக்கு அவரு 'சேர்'. பேத்திக்குத் தோடு பார்க்க வந்தவரு, நான் முறிச்ச சத்தத்தக் கேட்டதும் தோட்ட மறந்துட்டாரு. "மகள், கை ரெண்டையும் கீழ வைங்க"ன்னாரு, வகுப்புல சொல்ற மாதிரி. வச்சேன். முறிக்க முறிக்க எலும்போட எலும்பு உரசுமாம், உரசி உரசித் தேயுமாம், தேஞ்ச இடத்துல வாதம் வந்து குந்திக்குமாம். கரும்பலகை ஒன்னு கிடைச்சிருந்தா படமே போட்டுக் காட்டியிருப்பாரு.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "சேர் சின்ன வயசுல முறிச்சிருக்கீங்களா?"ன்னேன். "வாழ்க்கையில ஒரு தரம்கூட இல்ல!"ன்னு நெஞ்ச நிமித்தினாரு. அதுக்கப்புறம் கதிரையில இருந்து எழும்பப் பார்த்தாரு. முழங்கால் விடல்ல. நானும் தனம் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி நிப்பாட்டினோம். பார்சல வாங்க நீட்டின கையில விரலெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி முட்டி முட்டியா நிக்குது. என் கண்ணு அங்க போனத அவரும் கவனிச்சிட்டாரு. கொஞ்சமும் அசரல்ல மனுசன்.

"நான் முறிக்காம இருந்ததாலதான் மகள், இந்த அளவோடயாவது நிக்குது!"

நூல் அளவு

கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு மாப்பிள்ளை வீடு. பொண்ணோட விரல் அளவுன்னு சொல்லி ஒரு நூல் துண்டக் குடுத்துட்டுப் போனாங்க. அந்த அளவுக்கே மோதிரம் செஞ்சு வச்சோம். எடுக்க வந்த அன்னைக்குப் பொண்ணும் கூட வந்துச்சு. போட்டுப் பார்த்தா முட்டியத் தாண்டல்ல. எங்க தொழில்ல இது வழக்கமா நடக்கிற கூத்து. விரலோட அடியில நூலக் கட்டி அளவெடுப்பாங்க, அந்த அடிக்கு மோதிரம் முட்டியத் தாண்டித்தான் போகணும்ங்கிறத மறந்துருவாங்க. இத நான் சொல்றதுக்குள்ள மாப்பிள்ளையோட அம்மா தீர்ப்பே சொல்லியாச்சு. "பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கே கவனிச்சேன், சதா நெட்டி முறிச்சுக்கிட்டு! முட்டி வீங்காம என்ன செய்யும்?" அந்தப் பிள்ளை கைய முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிச்சு. எனக்கு வந்துச்சே கோவம்!

"சரிம்மா, அளவு சரி பார்க்கணும், உங்க மோதிரத்தக் கொஞ்சம் கழட்டித் தாங்க"ன்னு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக் கேட்டேன். கழட்டப் பார்த்தாங்க, வரல்ல. இழுத்தாங்க, வரல்ல. கடைசியில தனம் அக்காதான் சவுக்காரத் தண்ணியும் நூலும் கொண்டு வந்தாங்க. விரல்ல நூல நெருக்கமா சுத்தி, ஒரு முனையப் பிடிச்சு மெதுவா அவிழ்க்க அவிழ்க்க, மோதிரம் தானா மேல ஏறி வந்துச்சு. அப்பெல்லாம் அக்காவோட கை அப்படி ஓடும், பார்த்துக்கிட்டே இருக்கலாம். "நீங்களும் நெட்டி முறிப்பீங்களாம்மா?"ன்னு நான் கேட்டேன், ரொம்ப அக்கறையா. அந்தம்மா சிவந்த விரலத் தடவிக்கிட்டே பதில் சொன்னாங்க.

"என் முட்டி வயசுக்கு வீங்கினது. அவ முட்டி திமிருக்கு வீங்கினது."

தடை உத்தரவு

ரத்தினபுரியில இருந்து ஒரு மாணிக்கக் கல் வியாபாரி, சிங்களக்காரர், மாத்தயான்னு மரியாதையாக் கூப்பிடுவோம், எங்க முஸ்லிம் முதலாளியப் பார்க்க வந்திருந்தாரு. கண்ணுல லென்ஸ இடுக்கிக்கிட்டு, இடுக்கியில ஒரு நீலக் கல்லத் தூக்கிப் பிடிச்சு, மூச்சு விடாமப் பார்த்துக்கிட்டிருக்காரு. அந்த நேரம் பார்த்து நான் என் சுட்டுவிரல ஒரு எடுப்பு எடுத்தேன். மாத்தயா துள்ளினாரு, கல்லும் துள்ளிருச்சு. அப்புறம் என்ன, கடை முழுக்க தரையில கவுந்து படுத்துத் தேடல். முதலாளி வெள்ளைத் தொப்பியோட ஷோகேசுக்கு அடியில பாதி உள்ள, பாதி வெளிய. கல்லு மாத்தயாவோட கால் சப்பாத்துப் பக்கத்துலேயே கிடந்துச்சு. "எபா நங்கி, எபா!"ன்னு, வேணாம் தங்கச்சி வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. அன்னையில இருந்து கடைக்குள்ள நெட்டி முறிக்கத் தடை.

நான் விடுவேனா? "அப்ப தனம் அக்காவுக்கு?"ன்னு கேட்டேன். ஏன்னா, அக்கா முறிக்கிறது ஊர் அறிஞ்ச விசயம். புதுப் பிள்ளைக்குக் காப்பு வாங்க வர்ற அம்மாமாருங்க, காப்பு போட்டு முடிஞ்சதும் பிள்ளைய அக்காகிட்ட நீட்டுவாங்க. அக்கா பிள்ளையோட ரெண்டு கன்னத்தையும் வழிச்சு, மடக்கின விரல தன்னோட நெத்திப் பொட்டுல வச்சு ஒரு அழுத்து அழுத்துவாங்க. பத்தும் பட்டாசு மாதிரி வெடிக்கும். எவ்வளவு சத்தமோ அவ்வளவு கண்ணு கழிஞ்சிச்சுன்னு அர்த்தம். பக்கத்துக் கடையில காப்பு நல்லா இருக்கும், ஆனா திருஷ்டி கழிக்க ஆள் இல்ல. முதலாளிக்கு இது தெரியாதா? வாப்பா காலத்துல இருந்து இந்த டவுன்ல யாவாரம் செய்யிற மனுசன். தொப்பியில ஒட்டின ஒட்டடையத் தட்டிக்கிட்டே சொன்னாரு.

"உன்னோடது பழக்கம் புள்ள. தனத்தோடது சேர்விஸ்."

கண்ணாடி காட்டு

அதுக்கப்புறம் ஒரு மழைக்காலத்துல அக்காவோட விரல் மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. காலையில கடை திறந்தா, தோட்டோட திருகாணியப் பிடிக்கவே முடியல்ல. கடுகு மாதிரி சின்னச் சாமான் அது, ரெண்டு விரல் நுனியில பிடிச்சுத் திருகணும். அக்கா பிடிப்பாங்க, விழுந்துரும். ரெண்டு கையிலயும் முட்டியெல்லாம் ஒரே மாதிரி பொதபொதன்னு வீங்கி, சூடா இருக்கும். பால் போடாத பிளேன்டி கோப்பைய ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. வெயில் ஏறின பிறகுதான் விரல் கொஞ்சம் இளகும்.

முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு அவங்களுக்குப் பயம். வீட்டுக்காரர் இல்லாத வீடு, கல்யாண வயசுல மக நிரோஷா. அதனால நாங்க ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு செஞ்சோம். தோடு போட்டுப் பார்க்க யாராவது வந்தா, "ரேணு, அம்மாவுக்குக் கண்ணாடி காட்டு"ம்பாங்க. நான் ஓடிப் போய்க் கண்ணாடியக் காட்டுற சாக்குல திருகாணிய மாட்டி விட்டுட்டு வருவேன்.

"டொக்டர்கிட்ட காட்டுங்கக்கா"ன்னு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு டொக்டர்?"ம்பாங்க. போன்ல ஒரு வீடியோ வந்துச்சாம், நெட்டி முறிச்சா மூட்டு கெட்டுப் போகும்னு ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கிட்டுச் சொன்னானாம். கோட்டுப் போட்டவன் பொய் சொல்லுவானா? லயத்துல, அதான் எஸ்டேட் வரிசை வீட்டுல, பக்கத்து வீட்டுக்காரியும் அதையே சொன்னா, தைலம் விக்கிறவனும் அதையே சொன்னான். நம்ம நிவித்திகல சேர் ஒரு நாள் வந்து, "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"ன்னு மார்க் போட்டுட்டுப் போனாரு. இத்தனை பேரு சேர்ந்து காரணத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்த பிறகு மருந்து தனியா எதுக்கு? அக்கா முறிக்கிறத அடியோட விட்டுட்டாங்க. பிள்ளைங்களுக்குத் திருஷ்டி கழிக்கிறதையும் விட்டுட்டாங்க. துணைக்கு என்னையும் விடச் சொன்னாங்க. விட்டேன், என் விரல் பத்தும் என்னச் சபிச்சுச்சு. மாசம் ஒன்னொன்னாப் போச்சு, வீக்கம் போகல்ல. நான் வாயத் திறந்தாலே அக்காகிட்ட ஒரே பதில்தான்.

"அதான் முறிக்கிறத விட்டுட்டேனே ரேணு, அதுவா வத்திரும்."

பரிசம் போட்ட அன்னைக்கு

நிரோஷாவுக்குப் பரிசம் வந்துச்சு. தோட்டத்துக் கோயில் மண்டபத்துலதான் விசேசம். பிள்ளை ரோஸ் கலர் சாரியில அவ்வளவு அழகு, என் கண்ணே பட்டிருக்கும். தட்டு மாத்தி, மோதிரம் போட்டு முடிஞ்சதும், "அம்மாக்காரி வந்து கண்ணு கழிங்க"ன்னு மாப்பிள்ளையோட அத்தை சத்தமாக் கூப்பிட்டாங்க. கஹவத்தை டவுனுக்கே கழிச்ச கை, சொந்த மகளுக்குக் கழிக்காதான்னு எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க.

அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்னு மனசுல நெனச்சிருப்பாங்க. மக கன்னத்த வழிச்சு, விரல மடங்கின அளவுக்கு மடக்கி நெத்திப் பொட்டுல வச்சு அழுத்தினாங்க. சத்தம் இல்ல. இன்னொரு தரம் அழுத்தினாங்க. மூச்சு விடுற சத்தம்தான் கேட்டுச்சு. அத்தை உதட்டச் சுழிச்சு, "என்ன இது, பொண்ணு மேல ஒரு கண்ணுகூட விழல்ல போல இருக்கே!"ன்னாங்க. ரெண்டு மூனு பேரு சிரிச்சாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. அக்காவுக்குப் பின்னால போய் நெருங்கி நின்னு, அவங்க முந்தானைக்குள்ள என் கைய ஒளிச்சுக்கிட்டு, "இன்னொரு தரம் வைங்கக்கா"ன்னேன். அவங்க கைய வச்சாங்க, நான் முறிச்சேன். மாசக்கணக்கா விரதம் இருந்த விரல் இல்லையா, சும்மா வெடிச்சுத் தள்ளிருச்சு! சினிமாவுல ஒருத்தர் வாயசைக்க இன்னொருத்தர் பாடுறாங்களே, அந்தக் கணக்குதான்.

"அடேயப்பா! ஊர்க் கண்ணு பூரா இந்தப் பிள்ளை மேலதான்"னு அதே அத்தை கன்னத்துல கைய வச்சாங்க. மண்டபமே சந்தோசமாயிருச்சு. எனக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, அக்காவோட சேர்ந்து சிரிக்கலாம்னு திரும்பினேன். அவங்க சிரிக்கல்ல. கண்ணு நிறைஞ்சு நிக்குது. கைய என் முகத்துக்கு நேரா நீட்டினாங்க. முஷ்டி பாதி வழியிலேயே நின்னுருச்சு.

"விரல் மடங்க மாட்டேங்குது ரேணு. என் பிள்ளைக்கு மடங்க மாட்டேங்குது."

டொக்டர்கிட்ட வாக்குமூலம்

இதுக்கு மேல நான் கெஞ்சல்ல. அடுத்த ஆஸ்பத்திரி கிளினிக் நாளைக்குக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போயிட்டேன். பஸ் பூரா அக்கா ஜெயிலுக்குப் போற மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. டொக்டர் ஒரு சிங்கள அம்மா, கண்ணாடி போட்டவங்க. அக்கா என்ன விட நல்லாச் சிங்களம் பேசுவாங்க, அதனால நான் சும்மா பக்கத்துல நின்னேன். டொக்டர் வலி எங்கன்னு கேட்டாங்க, அக்கா வாக்குமூலம் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. குமரியா இருந்த காலத்துல இருந்து நெட்டி முறிச்சேன், கடையில பிள்ளைங்களுக்காக முறிச்சேன், தப்புத்தான், இப்ப விட்டுட்டேன்னு ஒன்னு விடாமச் சொன்னாங்க. டொக்டர் சிரிச்சுட்டாங்க. அந்தச் சத்தம் எலும்பு உரசுற சத்தமே இல்லையாம். மூட்டுக்குள்ள இருக்கிற தண்ணியில காத்து முட்டை வர்ற சத்தமாம். அதால வாதம் வந்ததா யாரும் காட்டினதில்லையாம். நான் பக்கத்துல நின்னு, நிவித்திகல பக்கம் பார்த்து மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் டொக்டர் அக்காவோட முட்டி ஒவ்வொன்னா அமுக்கிப் பார்த்தாங்க. சிரிப்பு நின்னு போச்சு. காலையில எவ்வளவு நேரம் விறைச்சு நிக்கும், ரெண்டு கையிலயுமா, எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு வரிசையாக் கேட்டாங்க. நம்ம உடம்பே நம்ம மூட்ட எதிரின்னு நெனச்சு அடிக்கிற ஒரு வாத வருத்தமாம் இது. ரத்தம் பார்க்கணும், மருந்து எடுக்கணும், வீக்கம் வத்தும், வலி குறையும். ஆனா வலது கையில ரெண்டு விரல் ஏற்கனவே கோணத் தொடங்கியாச்சு, அது பழைய மாதிரி நிமிரும்னு சொல்ல முடியாதுன்னாங்க. "ஆரம்பத்துலயே ஏன் வரல்ல?"ன்னு கேட்டதுக்கு, "முறிக்கிறத விட்டுப் பார்த்தேன் டொக்டர்"னு அக்கா தலையக் குனிஞ்சாங்க. டொக்டர் பேனாவக் கீழ வச்சுட்டாங்க. அவங்க சிங்களத்துல சொன்னத அப்படியே தமிழ்ல தாறேன்.

"நெட்டி முறிச்சதுக்கு நான் ஏச மாட்டேன். சும்மா இருந்த மாசத்துக்கெல்லாம் யாருக்கு ஏசுறதுன்னுதான் எனக்கு விளங்கல்ல."

முதலாளிக்குச் சொன்னது

கிளினிக்குக்கு இனி அடிக்கடி போகணும்ங்கிறதால முதலாளிகிட்ட மறைக்க வழியில்ல. நான் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து ஒரு சண்டைக்கு வசனம் தயார் பண்ணி வச்சிருந்தேன். அக்காவ வேலைய விட்டு நிப்பாட்டினா நானும் நிப்பேன், மோதிரக் கவுண்டர நீங்களே பாருங்கன்னு சொல்லி, கதவ அடிச்சுச் சாத்துறது வரைக்கும் யோசிச்சு வச்சாச்சு. அக்கா விசயத்தச் சொல்லி முடிச்சாங்க. முதலாளி தஸ்பீஹ் ஜெபமாலை மணிய உருட்டிக்கிட்டே கேட்டாரு. "வெயில் ஏறின பொறகு வா தனம். திருகாணி வேலையெல்லாம் இவள் செய்யட்டும், நீ ஆக்களோட கதைச்சுக் காட்டு, அது போதும்"னாரு. அவ்வளவுதான். என் வசனமெல்லாம் வீணாப் போச்சு. "உங்களுக்கு முன்னமே தெரியுமா முதலாளி?"ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். அவரு என்னப் பார்த்த பார்வை இருக்கே!

"கண்ணாடி காட்டு, கண்ணாடி காட்டுண்டு ஒவ்வொரு நாளும் சொல்றீங்க. கண்ணாடி கவுண்டர் மேலயே இரிக்கிதானே!"

ஒரே ஒரு டக்

மருந்து வேலை செய்ய நாள் எடுத்துச்சு. டொக்டர் அத முன்னமே சொல்லியிருந்தாலும், அக்கா வாரா வாரம் நம்பிக்கை இழந்து வாரா வாரம் திரும்ப நம்புவாங்க. வீக்கம் மெல்ல வத்துச்சு. கோப்பைய ஒரு கையால தூக்கினாங்க. ஒரு நாள் சாரிக்கு ஊசி தானே குத்திக்கிட்டு வந்து, என்கிட்ட காட்டிக் காட்டி நடந்தாங்க.

போன மாசம் லயத்துல இருந்து ஒரு பொண்ணு, கைப்பிள்ளையோட காப்பு வாங்க வந்தா. காப்பு போட்டு முடிஞ்சதும், பழைய கதை தெரிஞ்சவ, பிள்ளைய அக்காகிட்ட நீட்டினா. அக்கா என்னப் பார்த்தாங்க. நான் பின்னால போய் நிக்கட்டுமான்னு கண்ணாலயே கேட்டேன். வேணாம்னு தலைய ஆட்டினாங்க. கன்னத்த வழிச்சு, நெத்திப் பொட்டுல கைய வச்சு அழுத்தினாங்க. ஒன்பது விரல் வாயே திறக்கல்ல. இடது கை சுண்டுவிரல் மட்டும், டக்! கடையில மின்விசிறி சுத்துற சத்தத்தத் தவிர வேற ஒன்னும் இல்ல, எல்லாருக்கும் கேட்டுச்சு. முதலாளி மணி உருட்டுறத நிப்பாட்டிட்டாரு. எனக்கு அழுகை வந்துருச்சு, மறைக்கல்ல. அக்கா அந்தச் சுண்டுவிரலப் புதுசாப் பிறந்த பிள்ளை மாதிரிப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. அந்த நேரம் பார்த்து வாசல்ல, ஊன்றுகோலோட, வேற யாரு? நம்ம நிவித்திகல சேர். பேத்தி தோட்டுல திருகாணி தொலைஞ்சிருச்சாம். உள்ள காலெடுத்து வைக்கல்ல, அதுக்குள்ள விரல நீட்டிட்டாரு.

"தனம்! திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா? எலும்பு தேஞ்சிரும்!"

வாசிக்கிற சொந்தங்களே, இன்னைக்கும் நான் கடைக்கு வெளிய போய் நின்னு பத்து விரலையும் முறிச்சுட்டு வர்றேன், அதுக்கு அறிவுரை சொல்ல ஊரே வரிசையில நிக்குது, ஆனா அக்காவோட கோணிப்போன அந்த ரெண்டு விரலப் பார்த்து "வலிச்சா காத்திருக்காம டொக்டர்கிட்ட போ"ன்னு சொல்றதுக்கு மட்டும் எங்க கஹவத்தையில இன்னும் வேற யாருக்கும் நேரம் கிடைக்கல்ல.